விசேட தேவையுள்ள பிள்ளைக்கு டொக்டரும் வேண்டும், வாத்தியாரும் வேண்டும்



பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, வலிப்பு வருகிறது, நடை வரவில்லை, பேச்சு பிந்துகிறது என்றால் நாம் முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறோம். அங்கே துண்டு எழுதித் தருகிறார்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பெரகலைச் சந்தியில் பஸ் மாறி, தியத்தலாவைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ போய் வருகிறோம். டொக்டர் பார்க்கிறார், கிளினிக் கொப்பியில் எழுதுகிறார், மருந்து கிடைக்கிறது. கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம்.

அடுத்த நாள் அதே பிள்ளை பாடசாலைக்குப் போகிறது. டொக்டர் என்ன சொன்னார் என்பது அங்கே வாத்தியாருக்குத் தெரியாது. பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது என்பது டொக்டருக்குத் தெரியாது. இருவரும் பிள்ளைக்கு நல்லதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. இதனால் பிள்ளை "படிப்பு ஏறாத பிள்ளை" என்று பெயர் வாங்கி, நாலாம் ஐந்தாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிடுகிறது. நம் தோட்டங்களில் இது புதிய சங்கதி அல்ல.

டொக்டரையும் வாத்தியாரையும் எப்படிச் சேர்த்து வைப்பது, அதில் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன என்பதை இங்கே விளக்குகிறோம்.

இருவரும் ஏன் வேண்டும்?

கிளினிக்கில் டொக்டர் ஒரு பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடம்தான். வெளியே வரிசை நிற்கிறது. வாத்தியாரோ காலை ஏழரை முதல் பகல் ஒன்றரை வரை, ஆறு மணித்தியாலம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நோய் என்ன என்று டொக்டருக்குத் தெரியும். அந்த நோயால் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று வாத்தியாருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளையின் முழுக் கதையும் தெரியும்.

நம் ஊர்களில் சின்னப் பிள்ளைகளின் பாடசாலையை "மொண்டிசோரி" என்கிறோம். அது ஒரு அம்மையாரின் பெயர். மரியா மொண்டிசோரி இத்தாலி நாட்டுக்காரர், மருத்துவம் படித்த டொக்டர். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு ரோம் நகரில் வேலை செய்தார். இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து மட்டும் போதாது, ஏற்ற முறையில் கல்வியும் வேண்டும் என்று கண்டார். அந்த அனுபவத்தைக் கொண்டு 1907இல் சிறுவர் இல்லம் ஒன்றைத் திறந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வைத்தியமும் கல்வியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தபடியால் வந்த பலன் அது. நமக்கு அப்படி ஒரே ஆள் கிடைக்கமாட்டார். ஆகவே இரண்டு ஆளை நாம்தான் சேர்க்க வேண்டும்.

காது: "சொன்ன பேச்சு கேட்பதில்லை"

தோட்டத்துப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது காதில் சீழ் வடிவது. தடிமனும் இருமலும் விடாமல் வரும் பிள்ளைக்கு நடுக்காதில் சீழ் கட்டி, செவிப்பறை ஓட்டையாகி வெளியே வடிகிறது. நாளாக ஆகக் கேட்கும் சக்தி குறைகிறது. பிள்ளைக்கு முழுச் செவிடும் இல்லை. பக்கத்தில் கூப்பிட்டால் திரும்பும், தூரத்தில் கூப்பிட்டால் திரும்பாது. அதனால் வீட்டில் "இவன் வேண்டுமென்று செய்கிறான்" என்று ஏச்சு. பாடசாலையில் "கவனம் இல்லை" என்று ஏச்சு.

நம் பாடசாலைகள் சிலவற்றில் ஒரே மண்டபத்துக்குள் மூன்று நாலு வகுப்பு நடக்கிறது. நல்ல காதுள்ள பிள்ளைக்கே அந்த இரைச்சலில் டீச்சர் சொல்வது பாதிதான் விளங்கும். காது மந்தமான பிள்ளைக்கு ஒன்றுமே விளங்காது.

இங்கே டொக்டர் செய்ய வேண்டியது, காதைப் பார்த்து மருந்து கொடுப்பது, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்புவது, கேட்கும் அளவைக் கருவியால் பரிசோதிப்பது, தேவையானால் காதுக் கருவிக்கு ஏற்பாடு செய்வது. வாத்தியார் செய்ய வேண்டியது, பிள்ளையை முன்வரிசையில், இரைச்சல் குறைந்த பக்கத்தில் உட்கார வைப்பது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்ப்பது. எந்தக் காது நல்ல காது என்று டொக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்தப் பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி வாத்தியார் உட்கார வைப்பார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கெட்ட காதுப் பக்கம் நின்றே வருடம் முழுக்கப் பாடம் நடக்கலாம்.

காதுக் கருவி கொடுத்தபிறகும் வேலை முடியவில்லை. பெட்டரி தீர்ந்தால் கருவி காதை அடைத்துக்கொண்டிருக்கும் தக்கைதான். பிள்ளை வளர வளரக் காதுக்குள் வைக்கும் அச்சு சின்னதாகிவிடும், விசில் மாதிரிச் சத்தம் வரும், பிள்ளை கழற்றி வைத்துவிடும். இதை முதலில் கவனிப்பவர் வாத்தியார்தான். அவர் சொன்னால் நாம் கிளினிக்குக்கு எடுத்துப் போகலாம்.

ஒரு வார்த்தை: வடிகிற காதில் சுடவைத்த எண்ணெய், கை மருந்துச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். பீலியில் குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்: கரும்பலகை தெரியாத பிள்ளை

பிறந்ததிலிருந்து மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்கு, மற்றவர்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்பதே தெரியாது. ஆகவே அது வீட்டில் வந்து முறையிடாது. கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும். புத்தகத்தை மூக்குக்குக் கிட்ட வைத்துப் படிக்கும். தலைவலி என்று சொல்லும்.

கண் பரிசோதிக்கும்போது பிள்ளையை 6 மீற்றர் தூரத்தில் நிறுத்தி எழுத்து அட்டையைக் காட்டுவார்கள். 6/6 என்று எழுதினால் பார்வை சரி. 6/18 என்று எழுதினால், நல்ல கண்ணுள்ளவர் 18 மீற்றரில் நின்று வாசிக்கும் எழுத்தை இந்தப் பிள்ளை 6 மீற்றருக்கு வந்தால்தான் வாசிக்கும் என்று பொருள். கிளினிக் கொப்பியில் இந்த எண் இருந்தால் டீச்சரிடம் காட்டுங்கள். பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று அவருக்குப் புரியும்.

கண்ணாடி கொடுத்தால் அதைப் போடவைப்பதும் வாத்தியார் கையில்தான் இருக்கிறது. "நாலு கண்ணன்" என்று கேலி செய்தால் பிள்ளை கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துவிடும். கேலியை வகுப்பில் நிறுத்துவதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான்.

வலிப்பு: இரு பக்கமும் கண்டிப்பாகப் பேச வேண்டிய நோய்

வலிப்பு என்றால் கீழே விழுந்து கை கால் வெட்டுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். இன்னொரு வகை உண்டு. பிள்ளை பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போது சில விநாடிகள் அப்படியே நின்றுவிடும். கண் ஓரிடத்தில் நிற்கும், கூப்பிட்டால் பதில் இல்லை. பிறகு ஒன்றும் நடவாததுபோல எழுதத் தொடங்கும். இது ஒரு நாளில் பல முறை வரலாம். வகுப்பில் இதைப் பார்க்கும் வாத்தியார் "பகல் கனவு காண்கிறான்" என்று நினைப்பார். டொக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிடத்தில் இது வராமலும் போகலாம். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று வாத்தியார் எழுதிக் கொடுத்தால் டொக்டருக்கு அது பெரிய உதவி.

மருந்து தொடங்கியபிறகு பிள்ளைக்குத் தூக்கம் வரலாம், சிடுசிடுப்பு வரலாம், மறதி கூடலாம். அதையும் வாத்தியார்தான் முதலில் காண்பார். சொன்னால் டொக்டர் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். சொல்லாவிட்டால் வீட்டில் என்ன செய்கிறோம்? "இந்த மாத்திரையால்தான் பிள்ளை மந்தமாகிறது" என்று நாமே நிறுத்திவிடுகிறோம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வலிப்பு அடக்க முடியாமல் வரலாம். டொக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

பாடசாலையில் வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி அதிபரிடம் கொடுங்கள். பொதுவாகச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மெதுவான துணி ஏதும் வையுங்கள்.
2. கல், மேசை, நெருப்பு இருந்தால் அப்பால் தள்ளுங்கள்.
3. கையில் இரும்பு, சாவிக்கொத்து கொடுப்பதால் பலன் இல்லை. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது.
4. கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது.
5. மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, தெளியாமல் மறுபடி மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வலிப்பு தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஒட்டாது. "வலிப்புக்காரப் பிள்ளையை அனுப்பாதீங்க" என்று பாடசாலையும் சொல்ல வேண்டியதில்லை, நாமும் பயந்து வீட்டில் வைக்க வேண்டியதில்லை. தனியாகப் பீலிக்கும் ஆற்றுக்கும் அனுப்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை கால் வராத பிள்ளையும் மெதுவாகப் படிக்கும் பிள்ளையும்

பிறக்கும்போதோ அதற்குச் சற்று முன்னும் பின்னுமோ மூளையில் ஏற்படும் பாதிப்பால் சில பிள்ளைகளுக்குக் கை கால் விறைப்பாகவோ தளர்ச்சியாகவோ இருக்கும். மூளைவாதம் என்பார்கள். இவர்களில் எத்தனையோ பேருக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை. வாய் குளறும், எச்சில் வடியும், அதைப் பார்த்து நாம்தான் "ஒன்றும் விளங்காத பிள்ளை" என்று முடிவு கட்டுகிறோம்.

பிசியோதெரபி மிஸ் எப்படி உட்கார வைப்பது, எப்படிக் காலை நீட்டுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுக்கிறார். தாய் அதை ஒரு நாள் பாடசாலைக்குப் போய் டீச்சருக்குக் காட்ட வேண்டும். கதிரையின் உயரம், கால் வைக்கும் பலகை, முதுகுச் சாய்வு ஆகியவற்றின் அளவை எழுதி வாங்கி வந்தால் தோட்டத்துத் தச்சு பாஸ் பலகையில் செய்து தருவார். படியில்லாத வகுப்பறையும் எட்டிப் போகக்கூடிய மலசலகூடமும் அதிபர் பார்க்க வேண்டியவை.

பாடம் மெதுவாக ஏறும் பிள்ளையை முதலிலேயே "மூளை குறைவு" என்று தள்ளக் கூடாது. காதா, கண்ணா, வலிப்பா, தைரொயிட் சுரப்பியில் குறைவா, இரத்தசோகையா என்று டொக்டர் பார்க்க வேண்டும். இவற்றில் பலதுக்கு வழி உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இருதயம், காது, தைரொயிட் மூன்றையும் பரிசோதிப்பது அவசியம். அதன் பிறகு, இந்தப் பிள்ளைக்கு எந்த வேகத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது வாத்தியாரின் வேலை. சில அரசாங்கப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

ஏற்கெனவே இருக்கும் பாலம்: பாடசாலை மருத்துவப் பரிசோதனை

டொக்டரும் வாத்தியாரும் ஒரே இடத்தில் சந்திக்கும் நாள் ஒன்று வருடத்தில் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வரும் நாள் அது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலையில் எல்லா வகுப்பையும், கூடிய பாடசாலையில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளையும் பார்ப்பது முறை. உயரம், நிறை, கண், காது, பல், இருதயம் எல்லாம் பார்த்து, குறை கண்டால் துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

இந்தத் துண்டுதான் அதிகம் வீணாகிறது. பிள்ளை அதைப் பைக்குள் மடித்து வைக்கும், மழையில் நனையும், தாய்க்குத் தெரியாமலே போகும். ஆகவே பரிசோதனை நாள் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒருவராவது போய் நில்லுங்கள். பிள்ளை பிறந்தபோது மருத்துவமாது தந்த பிள்ளை சுகாதாரப் பதிவேட்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

டொக்டர் முன்னால் பேசப் பயப்படவும் வேண்டாம். 1941இல் அவுஸ்திரேலியாவில் நோர்மன் கிரெக் என்ற கண் டொக்டர், குருட்டுக் கண்ணோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டுத்தான், கர்ப்ப காலத்தில் வந்த ஜெர்மன் சின்னமுத்து அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். இன்று நம் பிள்ளைகளுக்குப் போடும் ருபெல்லா தடுப்பூசி அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தது. இலங்கையில் அது 1996இல் தொடங்கியது. தாய் சொல்லும் வார்த்தைக்கு அவ்வளவு பெறுமதி உண்டு.

தூரத்துப் பாடசாலையா, பக்கத்துப் பாடசாலையா?

காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கென்று இலங்கையில் முதல் பாடசாலையை 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கினார். இரத்மலானையில் இன்றும் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. இவை பல பிள்ளைகளுக்குக் கண் திறந்த இடங்கள். ஆனால் ஹல்துமுல்லையிலிருந்து கைதடி எவ்வளவு தூரம்! சின்னப் பிள்ளையை விடுதியில் விட எல்லாத் தாய்க்கும் மனம் வராது. முழுதாகக் கேளாத, முழுதாகத் தெரியாத பிள்ளைக்கு அப்படிப்பட்ட பாடசாலையின் பயிற்சி தேவைப்படலாம். மற்றப் பிள்ளைகளுக்கு டொக்டரும் வாத்தியாரும் கைகோர்த்தால் தோட்டத்துப் பாடசாலையே போதும்.

சட்டமும் பிள்ளையின் பக்கம்தான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாடசாலையில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது. 2016இல் குறைபாடுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். "உங்க பிள்ளைக்கு இடமில்லை" என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள்.

அரசாங்கப் பரீட்சைகளிலும் சலுகை உண்டு. மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் என்று தேவைக்கேற்பப் பரீட்சைத் திணைக்களம் கொடுக்கிறது. அதற்கு டொக்டரின் அறிக்கையும் வேண்டும், அதிபர் மூலம் விண்ணப்பமும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் கிடைக்காது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடாமல், வருடத் தொடக்கத்திலேயே அதிபரிடம் கேளுங்கள். சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்கும் மாதாந்தக் கொடுப்பனவுக்கும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

இரண்டு கடிதம் போதும்

முதல் கடிதம் பாடசாலையிலிருந்து டொக்டருக்கு. கிளினிக் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் வகுப்பு டீச்சரிடம் போய், "டீச்சர், பிள்ளை வகுப்பில் எப்படி என்று டொக்டருக்கு நாலு வரி எழுதித் தாங்க" என்று கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"இந்தப் பிள்ளை எமது பாடசாலையில் தரம் 3இல் படிக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பின்னாலிருந்து திரும்புவதில்லை. சொல்வதெழுதுதலில் பல சொற்கள் விடுபடுகின்றன. கணக்கைக் கரும்பலகையில் பார்த்துச் சரியாகச் செய்கிறது. இடது காதில் சீழ் வடிவதை மாதத்தில் இரு முறை கண்டேன். வகுப்பில் நாங்கள் என்ன செய்யலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இரண்டாம் கடிதம் டொக்டரிடமிருந்து பாடசாலைக்கு. அவரிடம் மூன்று கேள்விக்குப் பதில் கேளுங்கள். பிள்ளைக்கு உள்ள குறை என்ன? வகுப்பில் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன? எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்?

மொழி ஒரு தடை என்பது எங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் சிங்களத்தில் பேசுகிறார்கள், கொப்பியில் இங்கிலீசில் எழுதுகிறார்கள், நாம் தமிழில் யோசிக்கிறோம். விளங்காத காகிதத்தை வெட்கப்பட்டு மடித்து வைக்காதீர்கள். மருத்துவமாதுவிடமோ, இங்கிலீஸ் டீச்சரிடமோ, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமோ கொண்டுவாருங்கள். படித்துச் சொல்வது எங்கள் கடமை. பிறகு ஒரு பிரதி எடுத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

இதில் ஒரு கவனம். பிள்ளையின் நோய் ஊருக்குச் சொல்லும் கதை அல்ல. அந்தக் கடிதம் அதிபருக்கும் வகுப்பு டீச்சருக்கும்தான். வகுப்பில் உரக்க வாசிக்கவோ, பிரட்டுக்களத்தில் பேசவோ கூடாது. செவிடன், நொண்டி, லூசு என்ற பட்டப்பெயர்களை லயத்தில் பெரியவர்களே கூப்பிடுகிறோம். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகின்றன. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நேர்த்தி வைப்பதும், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போவதும் மனதுக்குத் தைரியம். அதைச் செய்யுங்கள். கிளினிக் நாளையும் தவறவிடாதீர்கள். இந்தத் தவணை முடிவதற்குள் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கிளினிக் கொப்பியை ஒரு தடவை பாடசாலைக்குக் கொண்டுபோய் வகுப்பு டீச்சரிடம் காட்டுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது டீச்சரின் நாலு வரிக் கடிதத்தைக் கொண்டுபோங்கள்.